கோத்தகிரியில் வாழும் ஹட்டன் கடைவீதி

நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் “சிலோன்காரர்” என்று இன்றும் அழைக்கப்படும் மூத்தவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தேயிலை மலைக்கு முன்பே ஹட்டன் டவுன் கடைகள் பேச்சில் வந்துவிடும். ஏன்?

தோட்டத்தில் காலைப் பிரட்டு முதல் மாலைக் கொழுந்து நிறுவை வரை கங்காணியின் கண்முன்தான் வாழ்க்கை. செக்ரோலில் ஒரு பேர், லயத்தில் ஓர் அறை. சம்பளம் வாங்கி டவுனுக்குப் போகும் நாளில்தான் விருப்பப்படி நடக்கலாம். கொப்பியில் பற்று எழுதிய முதலாளியும், தீபாவளிக்குக் கடனாகத் துணி கிழித்துத் தந்தவரும் அவர்களை வாடிக்கையாளராக நடத்தினார்கள்.

1948 குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் “அழுகைக் கோச்சி”.

1983 ஜூலையில் நுவரெலியா உட்பட மலையக நகரங்களில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது என்பது பலவற்றுக்கு இப்போது இவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. இவர்களில் பலர் எண்பதை நெருங்குகிறார்கள். பேரப்பிள்ளைகளின் கையில் கைபேசி இருக்கிறது. இப்போதே கேட்டுப் பதிந்து வைக்கலாம்.