ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பேரேடு

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணிநேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. வகுத்தால் நாளுக்கு 4 மணிநேரம். பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோர் முதலில் மிரளுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஆறு வயசுக் குழந்தையை நாலு மணிநேரம் எப்படி உட்கார வைப்பது?

உட்கார வைக்க வேண்டியதில்லை. அதே சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 240 நிமிடத்தை 30 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 8 நிமிடம். மீதி நேரத்தில் பிள்ளை கேட்கிறது, எழுதுகிறது, காத்திருக்கிறது, பக்கத்துப் பையனோடு பென்சிலுக்குச் சண்டை போடுகிறது. அதிலும் கற்றல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே பிள்ளையோடு உட்காரும் வீட்டில் தமிழுக்கு 20 நிமிடம், ஆங்கிலத்துக்கு 20, கணக்குக்கு 25, கதை வாசிக்க 15, செடி கொடி பார்க்க 10 என்று 90 நிமிடம் ஒதுக்கினால் ஒன்றாம் வகுப்புக்குப் போதும். 200 நாளுக்கு 300 மணிநேரம். இந்தப் பேரேட்டின் முதல் பதிவு இது. பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பணத்தைவிட இந்த 300-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சட்ட நிலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009 சட்டத்தின் 10-ஆம் பிரிவு. வீட்டுக்கல்வி என்று தனியாக ஒரு வழியை அந்தச் சட்டம் வகுத்துத் தரவில்லை. திரும்பி வருபவர்களுக்கு உதவுவது 4-ஆம் பிரிவு: பள்ளியில் சேராத பிள்ளையும் பின்னாளில் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம்.

இனி செலவு. முதலில் கையடக்கமான பட்டியல். என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்றாம் வகுப்பு ஆங்கில நூல் ‘மிருதங்க்’ 65 ரூபாய், கணக்கு நூல் ‘ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்’ 65 ரூபாய், இரண்டும் 130. தமிழுக்கு மாநில அரசின் பாடநூல் பிடிஎஃப் இலவசம். அதில் 200 பக்கத்தைப் பக்கம் ஒன்றரை ரூபாய்க்கு அச்சிட்டால் 300. கதைகளுக்கு பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இருக்கிறது, தமிழிலும் தாராளமாகக் கதைகள் உண்டு. திரையில் படிக்கக் காசு இல்லை. 12 பக்கக் கதைகள் 40-ஐ அச்சிட்டால் 480 பக்கம், 720 ரூபாய். நாலு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, ரஃப் நோட்டு எல்லாம் சேர்த்து 10 நோட்டு, ஒன்று 40 என்று 400. மணி, ஸ்கேல், சீட்டுக்கட்டு, பழைய கடிகாரம், சின்னத் தராசு வகையறாவுக்கு 500. மொத்தம் 2,050 ரூபாய். கடைக்குக் கடை நூறு இருநூறு முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் அமெரிக்காவிலிருந்து பெட்டியாக வரும் பாடத்திட்டம். நாள்வாரியாக எல்லாம் எழுதியிருக்கும். பெட்டியைத் திறந்து நடத்த வேண்டியதுதான். ஒரு பெட்டி 400 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 34,000. கப்பல் கூலியும் சுங்கமும் இதில் சேரவில்லை.

2,050-க்கும் 34,000-க்கும் இடையே நின்று பார்த்தால் விடை தெரிந்துவிட்டது போலத் தோன்றும். அவசரப்பட வேண்டாம், பெட்டி விற்பவர் விற்பது நேரத்தை. சில்லறையாகச் சேர்த்த பாடத்துக்கு நாளைக்கு என்ன நடத்துவது, எந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுப்பது, எதைத் தள்ளுவது என்று தினமும் முக்கால் மணிநேரம் போகும்: ஆண்டுக்கு 150 மணி. பெட்டிக்குக் கால் மணிநேரம் போதும்: 50 மணி. மிச்சம் 100 மணிநேரம்.

அந்த 100 மணிநேரத்துக்கு விலை என்ன? மாதம் 25,000 சம்பளம், 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் மணிக்கு 120 ரூபாய். எனவே சில்லறை வழியின் விலை 2,050-உடன் 150 மணிக்கான 18,000 சேர்ந்து 20,050. பெட்டியின் விலை 34,000-உடன் 6,000 சேர்ந்து 40,000. தயாரான பாடத்திட்டம் ஒன்று உங்களுக்கு லாபமாக வேண்டுமானால் அது 14,050 ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும், அதோடு சொன்னபடி 100 மணிநேரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்த வேண்டும். மணிக்கு 300 ரூபாய் ஈட்டுகிறவருக்கு இதே கணக்கு 47,050-க்கு 49,000 என்று நெருங்கி வரும். சம்பளம் உயர உயரப் பெட்டி நியாயமாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் பெட்டியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அமெரிக்கக் கணக்குப் புத்தகத்தில் நாணயப் பாடம் 1, 5, 10, 25 சென்ட்டில் ஓடும். நம்மிடம் 25 பைசா 2011 ஜூன் 30-ஓடு செல்லாக்காசாகிவிட்டது. நம் பிள்ளை கையில் புழங்குவது 1, 2, 5, 10, 20 ரூபாய். ‘நாலு கால் சேர்ந்து ஒன்று’ என்று பக்கம் பக்கமாக வரும் பயிற்சியை ‘ஐந்து இருபது சேர்ந்து நூறு’ என்று நீங்களே மாற்றி எழுத வேண்டும். வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில், எடை பவுண்டில், பால் கேலனில். (அங்குலமும் அடியும் மட்டும் பரவாயில்லை. தையற்கடையிலும் தச்சரிடமும் நாம் இன்னும் அதில்தான் பேசுகிறோம்.) பருவகாலப் பாடத்தில் இலையுதிர்காலமும் பனிப்பொழிவும் வரும், ஐப்பசி அடைமழை வராது. இப்படி மாற்றி எழுத ஆண்டுக்கு 40 மணிநேரம் பிடித்தால் மேலே 4,800 ரூபாய். பெட்டியின் கணக்கு 44,800-க்குப் போகிறது, மிச்சம் பிடித்த 100 மணியும் 60 ஆகச் சுருங்குகிறது. மூத்த பிள்ளைக்கு வாங்கினால் இளையதற்கும் ஆகும் என்பார்கள். ஆசிரியர் கையேடு ஆகும். எழுதித் தீர்த்த ஒர்க்புக் ஆகாது.

தமிழ் விஷயத்தில் எந்தப் பெட்டியும் உதவாது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். 247 எழுத்து என்று சொன்னதுமே பல வீடுகளில் நாளுக்கு ஓர் எழுத்து என்று திட்டம் போடுகிறார்கள். 200 நாளில் அது முடியவே முடியாது, 47 பாக்கி நிற்கும். வடிவங்களை எண்ணிப் பார்த்தால் சுமை வேறு. உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை உயிர்மெய் 18, மெய்யாக்கும் புள்ளி 1. ஆகமொத்தம் 32. துணைக்கால், மேல்சுழிகள் இரண்டு, கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்தின் இணைக் கொம்பு என்று குறிகள் 6. ஒகர, ஓகார, ஔகார வரிசைகள் ஏற்கெனவே தெரிந்த துண்டுகளால் ஆனவை, புதிதாக ஒன்றும் இல்லை. உகர, ஊகார வரிசைகள்தான் எழுத்துக்கு எழுத்து மாறும், அவை 36. எல்லாம் சேர்த்து 74. ஙு, ஙூ, ஞு, ஞூ நான்கையும் ஆறு வயதில் யாரும் வாசிக்கப் போவதில்லை, தள்ளினால் 70. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளின் பழைய வடிவம் போனதால் இப்போது பட்டியல் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

70-ஐ வாரத்துக்கு 3 வீதம் எடுத்தால் 24 வாரத்தில் முடிந்துவிடும். 200 நாள் என்பது 40 வாரம். வாசிப்புக்கென்று 16 வாரம் கையில் மிஞ்சுகிறது. வரிசையையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்த அன்றே பிள்ளை படம், பட்டம், மடம், மட்டம் நான்கையும் வாசித்துவிடும். ர சேர்ந்தால் மரம். துணைக்கால் வந்தால் பாடம், மாடம், பாட்டம், மாரடோனா வரை கூட இழுக்கலாம், அதற்கு னகரமும் இரட்டைக் கொம்பும் வரட்டும். அ முதல் ஔ வரை பன்னிரண்டையும் எழுதி முடித்த பிள்ளையால் இந்தச் சொற்களில் ஒன்றைக்கூட வாசிக்க முடியாது என்பதை நினைத்தால் வரிசையின் மதிப்பு தெரியும்.

கணக்கில் பெரும்பாலான வீடுகள் ஒர்க்ஷீட்டில் நேரத்தைத் தொலைக்கின்றன. 300 பக்கப் பயிற்சி நூல், பக்கத்துக்கு 20 கணக்கு: 6,000 கணக்கு. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் 50 மணிநேரம், ஆண்டின் மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. முதல் ஐந்து கணக்கைத் தடுமாறாமல் போட்டால் மிச்சம் பதினைந்தைக் கோடு போட்டு அடித்துவிடலாம் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் 1,500 கணக்கு, பன்னிரண்டரை மணிநேரம். முப்பத்தேழரை மணிநேரம் மீளும். காசு கொடுத்து வாங்கிய பக்கத்தை அடிக்க மனசு வராது. அடித்துத்தான் ஆக வேண்டும்.

மீண்ட நேரத்தை மணிமாலையில் செலவிடலாம். 100 மணி, பத்து சிவப்பு பத்து வெள்ளை என்று மாறி மாறிக் கோத்துச் சுவரில் இழுத்துக் கட்டியது. கையில் ஒரு துணிக் கிளிப்.

“பாப்பா, 37-இல் கிளிப் மாட்டு பார்ப்போம்.”

ஆரம்பத்தில் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போகும். சில வாரம் கழித்து மூன்று பத்தைத் தாண்டி ஏழு எண்ணும். ஒருநாள் நாற்பதுக்குப் போய் மூன்று பின்னால் வந்து மாட்டும். “எப்படிம்மா வந்தே?” என்று கேட்டால், “ஏழு எண்ண ரொம்ப நேரம் ஆகும், மூணு கம்மி” என்று பதில் வரும். நூறு கழித்தல் ஒர்க்ஷீட் சொல்லாததை அந்தப் பதில் சொல்லிவிடுகிறது. மாலையின் செலவு நூலும் மணியும்தான். பரணில் பல்லாங்குழி இருந்தால் அதையும் இறக்கலாம்: 14 குழி, குழிக்கு 5 என்றால் 70, ஆறு என்றால் 84. இடைப்புள்ளிக் கோலம் 7 புள்ளி 4 வரை வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளி. வைத்து முடித்ததும் எத்தனை என்று கேட்கலாம்.

மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டுக்கும் இந்த வெட்டும் புத்தி உதவும். பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கல். ஒன்றும் பத்தும் பாரமில்லை. இரண்டு முதல் ஒன்பது வரை, 3×7-உம் 7×3-உம் ஒன்றென்று கொண்டால் 36. இரண்டும் ஐந்தும் எளிதில் ஏறிவிடும், மிச்சம் 21. இருபதாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்க வைத்துப் பெருமைப்படும் தாத்தாக்களோடு இதில் எனக்கு வழக்கு உண்டு.

பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்தப் பாடத்தில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதை அரசுப் பள்ளியிடமே கடன் வாங்கலாம். 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரிக்கிறது. வீட்டிலும் ஒரு பிள்ளை கணக்கில் மலராகவும் எழுதுவதில் அரும்பாகவும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க முதல் 10 நாளைச் செலவிட்டால் ஆண்டில் 5 சதவீதம். எல்லாப் பாடத்தையும் ஒரே வகுப்பில் பூட்டிவைக்கும் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு கண்டுபிடித்தால் பாதிப் பெட்டி வீண்.

பேரேட்டின் மிகப் பெரிய வரியை இன்னும் எழுதவில்லை. 300 மணி நடத்த, 150 மணி தயாரிக்க, ஆக 450. மணிக்கு 120 என்றால் 54,000 ரூபாய். ஆனால் நடத்துகிறவர் வேலையையே விட்டுவிட்டால் செலவு 54,000 இல்லை, 3 லட்சம். அந்த மூன்று லட்சம் ஏறக்குறைய எப்போதும் அம்மா பெயரில்தான் பதிவாகிறது. 450 மணியை 200 நாளுக்குப் பிரித்தால் இரண்டே கால் மணிநேரம். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று பங்கு வைக்கக் கூடிய அளவுதான் அது. அப்படிப் பங்கு வைக்கத் தோதான பாடத்திட்டம் எது என்று பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர வேண்டுமானால் ஒவ்வொரு பாடமும் 20 நிமிடத் துண்டாக இருக்க வேண்டும், நடத்தியதை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறிக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பாடத்திட்டம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அம்மாவை வேலையிலிருந்து இறக்கிவிடும்.

எதிர்ப்பக்கப் பதிவையும் மறைக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, மதிய உணவு, 2022 முதல் காலை உணவும் இலவசம். பிள்ளைக்கு விளையாட ஆள் தேட வேண்டியதில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தோடு மட்டும் ஒப்பிட்டு வீட்டுக்கல்வி மலிவு என்று சொல்வது பாதிக் கணக்கு.

ஆண்டு முடிவில் தணிக்கைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் 2021-இல் வந்த நிபுண் பாரத் இலக்குகள் உள்ளன. ஒன்றாம் வகுப்பு முடியும்போது நாலைந்து எளிய சொற்கள் கொண்ட வாக்கியத்தை வாசிக்கவும், 99 வரை எண்களை வாசித்து எழுதவும் வேண்டும். இரண்டாம் வகுப்பில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், 999 வரை. மூன்றில் குறைந்தது 60 சொல், 9,999 வரை. பார்க்காத கதை ஒன்றைக் கொடுத்து, கடிகாரத்தை வைத்து, பிள்ளைக்குத் தெரியாமல் எண்ணிக்கொள்ளலாம். பிள்ளை எட்டிப் பிடித்திருந்தால் அடுத்த ஆண்டுக்கும் இதே வழி. பிடிக்கவில்லையென்றால் புதுப் பெட்டிக்கு ஆர்டர் போடுமுன் தேதி நோட்டைப் புரட்டி, 300 மணிநேரத்தில் எத்தனை மணிநேரம் உண்மையில் நடந்தது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் புத்தகத்தின் மேல் விழும் பழி அந்தக் கூட்டலில் வேறு இடத்துக்குப் போகும்.