இறகுக்கும் ஒரு குக்கர்!

குழந்தைகளே! ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.கே. நகர் கோழிக்கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கறியை நாம் வாங்கி வந்துவிடுகிறோம். கடை ஓரத்து டிரம்மில் விழும் இறகு, தலை, கால், குடல் எல்லாம் என்ன ஆகின்றன?

பொறுப்பில்லாத சிலர் இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டிவிடுகிறார்கள். நாற்றம், ஈ, தெருநாய்க் கூட்டம்! முறையாகப் பக்குவப்படுத்தினால் இதே கழிவு சத்தான தீவனம் ஆகும்.

இறகையே எடுத்துக்கொள்வோம். காய்ந்த இறகில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் புரதம்! சுண்டல் செய்கிறோமே, அந்தக் கொண்டைக்கடலையில்கூட சுமார் 20 பங்குதான். அப்படியானால் இறகை அப்படியே போட்டுவிடலாமா? கூடாது. அது கெரட்டின் என்னும் முரட்டுப் புரதம். உங்கள் முடியும் நகமும்கூட அதுதான். முடி கருகினால் ஒரு நாற்றம் வருமே, அதற்குக் காரணம் அதிலுள்ள கந்தகம். அந்தக் கந்தகம்தான் புரத இழைகளை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறது. வயிற்றால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. எலியை விழுங்கும் ஆந்தை, ரோமத்தை உருண்டையாகக் கக்கிவிடுவது இதனால்தான்!

அதற்குத்தான் ராட்சத குக்கர். வீட்டுக் குக்கரில் சூடு சுமார் 120 டிகிரி. தொழிற்சாலையில் நீராவி அழுத்தத்தில் 140 டிகிரி வரைகூட வேகவைக்கிறார்கள். கட்டுகள் அறுந்து, இறகு செரிக்கக்கூடிய தூளாகிறது.

இன்னும் ஒரு சிக்கல். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற எழுத்துகளால் ஆன சொல் மாதிரி. 'பட்டம்' என்று எழுத வேண்டும். 'ப', 'ட்', 'ட' ஒவ்வொன்றும் நூறு இருக்கிறது, 'ம்' ஐந்துதான். எத்தனை பட்டம் எழுதலாம்? ஐந்துதானே! இறகுத் தூளில் குறைவாக இருக்கும் எழுத்து, லைசின். அதனால் லைசின் நிறைந்த சோயாப் பிண்ணாக்கு போன்றவற்றோடு கொஞ்சமாகத்தான் கலப்பார்கள்.

தலை, கால், குடலை வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து அரைத்த தூள் இதைவிட உயர்ந்தது. லைசினும் உண்டு; எலும்பிலிருந்து கால்சியமும் பாஸ்பரஸும் கிடைக்கும். பூனைக்குப் பார்வை கெடாமலிருக்க டாரின் என்ற சத்து வேண்டும். செடிகொடிகளில் அது கிடைப்பது அரிது, இறைச்சியில் உண்டு.

ஆனால் எதை எதற்குப் போடுவது என்பதில் கவனம் வேண்டும். பிரிட்டனில் மாட்டின் இறைச்சி, எலும்புத் தூளை மாடுகளுக்கே போட்டார்கள். 1986-இல் 'பைத்தியக்கார மாடு' நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோயைப் பரப்பியது அந்தத் தீவனமே என்று தெரிந்ததும், 1988-இல் தடை போட்டார்கள். அந்த நோய்க்குக் காரணமான புரதம் சாதாரணமாக வேகவைக்கும் சூட்டுக்கு அழியாது.

அடுத்த முறை நாய், பூனை உணவுப் பொட்டலம் கையில் கிடைத்தால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்களேன்!