இந்த வரிக்கு இங்கே என்ன வேலை?

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டம் படிக்க விரும்புகிறவர்கள் எழுதும் எல்சாட் தேர்வில், 2024 ஆகஸ்ட் முதல் ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற புதிர்ப் பகுதி கிடையாது. அந்த இடத்தைத் தர்க்கப் பகுதி எடுத்துக்கொண்டது. மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு இப்போது தர்க்கம்தான். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், ஏறத்தாழ 25 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது.

இந்தக் கேள்விகளில் ஒரு வகை, நான்கைந்து வரியில் ஒரு வாதத்தைக் கொடுத்து, அதில் ஒரு கூற்றைச் சுட்டிக்காட்டி, அது வாதத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கும். தேர்வில் இந்த வகை அதிகம் வராது. ஆனாலும் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடி, அதை வலுப்படுத்து, அதன் மறைந்த அனுமானத்தைச் சொல் என்று கேட்கும் மற்ற வகைகள் எல்லாமே, எந்த வரி எதைத் தாங்குகிறது என்பது தெரிந்த பிறகுதான் தொடங்குகின்றன.

செய்முறையைக் காட்ட நானே ஒரு வாதம் எழுதியிருக்கிறேன். வரிகளுக்கு எண் போட்டிருப்பது நம் வசதிக்கு. தேர்வில் எண் இருக்காது.

(1) இந்த ஏரியில் மீன்வளம் குறைந்ததற்கு வலைபோட்டுப் பிடிப்பதே காரணம் என்று அதிகாரிகள் கருதுகிறார்கள். (2) வலைகளின் எண்ணிக்கை கூடியிருப்பது உண்மைதான். (3) ஆனால் இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம் வேறாக இருக்க வேண்டும். (4) பெரிய மீன்கள் எந்த அளவு குறைந்தனவோ அதே அளவு குஞ்சுகளும் குறைந்திருக்கின்றன. (5) எனவே இந்தச் சரிவு மீனின் அளவைப் பொறுத்து நேரவில்லை. (6) வலைகளோ, கண் அகலமாக இருப்பதால், பெரிய மீன்களை மட்டுமே பிடிக்கின்றன.

சுட்டிக்காட்டப்பட்ட கூற்று ஐந்தாவது என்று வைத்துக்கொள்வோம்.

கேள்வியை முதலில் படியுங்கள். எந்தக் கூற்றைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாதத்துக்குப் போங்கள். போனதும் அந்த வரிமேல் பாய வேண்டாம். முதலில் தேட வேண்டியது வாதத்தின் முடிவை. எழுதியவர் கடைசியில் நம்மை எதை ஏற்கச் சொல்கிறார்? ஒரு வரியின் வேலை அந்த வரிக்குள் எழுதப்பட்டிருப்பதில்லை. ‘குஞ்சுகள் குறைந்திருக்கின்றன’ என்ற அதே வரி ஒரு வாதத்தில் ஆதாரமாகவும், இன்னொன்றில் நிறுவ வேண்டிய முடிவாகவும், வேறொன்றில் வெறும் பின்னணியாகவும் நிற்க முடியும். மற்ற வரிகளோடு, முக்கியமாக முடிவோடு, அதற்கு என்ன உறவு என்பதே அதன் வேலை.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் அனுமானத்தின் உறுப்புகளைப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்தாக எடுத்துச் சொல்கிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை இருப்பது ஏது. இந்த முறையில் உறுப்புகள் வரிசை மாறாமல் வருவதால், நிற்கும் இடத்தைப் பார்த்தே எதற்கு என்ன வேலை என்று சொல்லிவிடலாம். எல்சாட் வாதத்தில் அந்தச் சலுகை இல்லை. முடிவு முதல் வரியிலும் வரும், நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். வரிசையைக் கலைத்துப் போடுவதே தேர்வு வைப்பவரின் உத்தி. ஆகவே இடத்தை நம்பாமல் உறவைத் தேட வேண்டியிருக்கிறது.

உறவைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். ஒரு வரியைப் பார்த்து ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். வாதத்துக்குள்ளேயே பதில் கிடைத்தால், அந்த வரியை ஏதோ ஒன்று தாங்குகிறது. அதே வரியைப் பார்த்து ‘சரி, அதனால் என்ன?’ என்று கேளுங்கள். அதற்கும் உள்ளேயே பதில் கிடைத்தால், அந்த வரி வேறொன்றைத் தாங்குகிறது. ‘ஏன்’ என்பதற்கு மட்டும் பதில் இருந்தால் முடிவு. ‘அதனால் என்ன’ என்பதற்கு மட்டும் இருந்தால் அடிப்படை ஆதாரம். இரண்டுக்கும் இருந்தால் இடைமுடிவு.

இதை ஐந்தாம் வரியில் போட்டுப் பாருங்கள். சரிவு அளவைப் பொறுத்து நேரவில்லை என்று ஏன் சொல்கிறார்? குஞ்சுகளும் அதே அளவு குறைந்திருப்பதால். நான்காம் வரி பதில் தருகிறது. சரி, அதனால் என்ன? வலை பெரியதை மட்டுமே பிடிக்கும் என்ற ஆறாம் வரியோடு இதைச் சேர்த்தால், சரிவுக்கு வலை முக்கியக் காரணமாக இருக்க முடியாது என்று வருகிறது. அதாவது மூன்றாம் வரி. மூன்றாம் வரியிடம் ‘அதனால் என்ன’ என்று கேட்டால் பதில் இல்லை. வாதம் அங்கே நின்றுவிடுகிறது. எனவே மூன்று முடிவு, ஐந்து இடைமுடிவு.

பலர் தடுக்கிவிழும் இடம் இந்த இடைமுடிவுதான். ‘எனவே’ என்ற சொல்லைக் கண்டதும் அதுவே முடிவு என்று கை ஓடிவிடுகிறது. ‘எனவே’ சொல்வதெல்லாம், முன்னால் வந்த ஏதோ ஒன்று இதைத் தாங்குகிறது என்பதை மட்டுமே. அதற்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறதா என்று அது சொல்லாது. எதிர்த்தரப்பின் கருத்தைச் சொல்லிவிட்டு ‘ஆனால்’ என்று திரும்பும் வரிதான் பெரும்பாலும் முழு வாதத்தின் முடிவாக இருக்கும். அதற்குக் காரணங்கள் பின்னால் வரும். இது விதியில்லை, தேடலை எங்கே தொடங்கலாம் என்பதற்கு நல்ல குறிப்பு, அவ்வளவே.

இப்போது விடைகளைப் பார்க்காமல், உங்கள் சொற்களில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ளுங்கள்: ‘குஞ்சுகள் பற்றிய தகவலிலிருந்து வருகிறது, வலை காரணமில்லை என்ற முடிவுக்குப் போகிறது.’ இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஐந்து விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். விடைகளின் மொழி வேண்டுமென்றே கனமாக இருக்கும். கையில் சொந்த வாக்கியம் இருந்தால் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்; இல்லாவிட்டால் எல்லாமே கொஞ்சம் சரியாகத் தோன்றும்.

நம் வாதத்துக்கு விடைகள் ஏறக்குறைய இப்படி அமையும். முதல் விடை: அது வாதத்தின் முடிவு. இது ‘எனவே’யை நம்பியவர்களுக்கு வைத்த பொறி. இரண்டாவது: அதிகாரிகளின் கருத்துக்கு ஆதரவாகத் தரப்பட்ட சான்று. திசையே தவறு. மூன்றாவது: வாதம் விளக்க முயலும் நிகழ்வு. இது நயமான பொறி; விளக்கப்பட வேண்டியது மீன்வளம் குறைந்தது, ஐந்தாம் வரியோ அந்தக் குறைவின் தன்மையைப் பற்றியது. நான்காவது: முடிவைத் தாங்கும், ஆனால் தனக்கென்று எந்த ஆதாரமும் தரப்படாத கூற்று. ஐந்தாவது: ஒரு கவனிப்பிலிருந்து பெறப்பட்டு, வாதத்தின் முடிவைத் தாங்கும் கூற்று. விடை ஐந்தாவது.

நான்காவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதன் முதல் பாதி முழுக்கச் சரி. பிற்பாதிதான் பொய். இந்த வகையில் ஆபத்தான தவறான விடைகள் இப்படிப் பாதி மெய்யோடு வருபவைதான். ஆகவே விடையை ஒரே மூச்சில் படிக்காமல் துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் வாதத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு பொய்த்தாலும் விடை முழுவதும் போயிற்று. வணிக மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட்டில் இரண்டு கூற்றுகளைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு இரண்டின் வேலையையும் கேட்பார்கள். அங்கே இந்தப் பழக்கம் இன்னும் உதவும். முதல் கூற்றைத் தவறாக விவரிக்கும் விடையை இரண்டாவதைப் படிக்காமலே தள்ளிவிடலாம்.

மீன்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். பெரிய மீன்களைப் பிடித்துவிட்டால் முட்டையிட மீன் ஏது? குஞ்சுகள் குறைந்ததற்கும் வலையே காரணமாக இருக்கலாமே? நல்ல சந்தேகம். வாதத்தின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி அதைக் கேட்கவில்லை. பலவீனமான ஆதாரமும் ஆதாரம்தான். எழுதியவர் எதற்காக அதை வைத்தார் என்பதே இங்கே விவகாரம். உங்கள் மறுப்பை அடுத்த கேள்விக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மீதி வரிகளின் வேலையும் பார்த்துவிடலாம். இரண்டாம் வரி ஒப்புக்கொள்ளல். எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஒன்றை ஏற்றுக்கொண்டு, இருந்தாலும் முடிவு மாறாது என்று காட்டுவது. ஆதாரமா, ஒப்புதலா என்று குழம்பினால் அந்த வரியை நீக்கிவிட்டு வாதத்தைப் படியுங்கள். இரண்டாம் வரி இல்லாமலும் மூன்றாம் வரி அதே பலத்தோடு நிற்கிறது. நான்காம் வரியை எடுத்தால் சரிகிறது. முதல் வரியில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: மீன்வளம் குறைந்தது என்ற நிகழ்வு, வலைதான் காரணம் என்ற அதிகாரிகளின் விளக்கம். நிகழ்வை எழுதியவரும் ஏற்கிறார், விளக்கத்தைத்தான் மறுக்கிறார். வாக்கியத்தின் ஒரு பகுதியை மட்டும் சுட்டிக் கேட்கும்போது, எந்தப் பகுதி என்று பார்க்காமல் ‘எழுதியவர் மறுக்கும் கருத்து’ என்று குறித்துவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

பயிற்சிக்கு மலைபோல் புத்தகங்கள் தேவையில்லை. பழைய வினாத்தாளில் இருந்து எந்த வகைத் தர்க்கக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு, அதன் கேள்வியை மறைத்துவிட்டு, வாதத்தின் ஒவ்வொரு வரிக்கும் அதன் வேலையை ஓரத்தில் எழுதுங்கள். எதிலிருந்து எதற்குப் போகிறது என்று அம்புக்குறியும் போடுங்கள். நம் ஏரி வாதத்துக்கு நான்கிலிருந்து ஐந்துக்கு ஒன்று, ஐந்திலிருந்தும் ஆறிலிருந்தும் மூன்றுக்குத் தலா ஒன்று. ஒன்றும் இரண்டும் அம்பில்லாமல் தனியே நிற்கும். தொடக்கத்தில் ஒரு வாதத்துக்கு ஐந்தாறு நிமிடம் ஆனாலும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அம்புகள் தாளில் இல்லாமல் மனத்திலேயே விழத் தொடங்கிய பிறகு நேரம் குறித்துப் பழகினால் போதும்.