வளர்த்த எலியைப் பாம்புக்குக் கொடுக்கலாமா?

செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு எலியைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெட்டிப்போட்ட மட்டை அடுக்குக்கு அடியில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் கருநாகமோ மலைப்பாம்போ இருக்கும். அனுபவப்பட்டவர் மட்டையைக் கையால் தூக்கமாட்டார். கம்பால் தட்டிவிட்டுத்தான் நகர்த்துவார். பாம்பு எலியை விழுங்குவதைக் கண்டு அங்கே எவரும் கண்ணீர் விட்டதில்லை. பழத்தைக் கொறித்து நாசமாக்கும் எலி ஒன்று ஒழிந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எலியைப் பிடிப்பதற்கென்றே ஆந்தைகளுக்குப் பெட்டிக்கூடு கட்டி வைத்திருக்கும் தோட்டங்களும் உண்டு.

அப்படிப்பட்ட நம்மிடம் வந்து, "எலியைப் பாம்புக்குக் கொடுப்பது நியாயமா?" என்று ஒருவர் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் வாசக அன்பர்களே, இங்கே பேச வருவது காட்டு எலியைப் பற்றியன்று. உங்கள் வீட்டுக் கூண்டில், உங்கள் பிள்ளை பெயர் சூட்டி வளர்க்கின்ற எலியைப் பற்றி.

ஹாம்ஸ்டர் என்று சொல்கிறார்களே, கன்னத்தில் தீனியை அடக்கிக்கொண்டு சக்கரத்தில் ஓடும் சின்னஞ்சிறு எலி, அதைப் பட்டணத்துக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நாயைப்போல் இடம் கேட்காது, பூனையைப்போல் மீன் கேட்காது. ஆகவே பிள்ளை அடம்பிடித்தால் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஒன்று தனியாக இருந்தால் பாவம், துணை வேண்டும் என்று இரண்டாக வாங்குகிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

சிரியா நாட்டு ஹாம்ஸ்டர் வயிற்றில் குட்டியைச் சுமப்பது ஏறக்குறைய 16 நாள்தான். ஒரே ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் போடும். அந்தக் குட்டிகள் ஒன்று, ஒன்றரை மாதத்திலேயே தாங்களும் ஈனத் தயாராகிவிடும். 1930-ஆம் ஆண்டில் சிரியாவின் அலெப்போ நகரத்துக்கு அருகே மண்ணைத் தோண்டி ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார்கள். இன்று உலகமெங்கும் கூண்டுகளில் வளரும் சிரியா ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வளையில் கிடைத்த குட்டிகளின் வம்சமே என்கிறார்கள். இதன் பெருக்கம் எத்தகையது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் அல்லவா? இதில் இன்னொரு வேடிக்கை: இந்தப் பிராணி துணையை விரும்புவதே இல்லை. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் போட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடவும் கூடும். நாம் பாவம் பார்த்து வாங்கிய துணை அதற்குப் பகையாகிவிடுகிறது.

மூன்று மாதம் போனால் கூண்டு நிறைந்துவிடும். வீடு நாறும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது, இனி வாங்க ஆளில்லை. அந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் வழி சொல்வார்: "எனக்குத் தெரிந்தவர் பாம்பு வளர்க்கிறார். அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் தொல்லை தீரும், பாம்புக்கும் பசி தீரும்."

(தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மலைப்பாம்பு வளர்க்க உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்கவே அனுமதியில்லை. ஆகவே அந்தத் 'தெரிந்தவர்' உரிமம் உள்ளவர்தானா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் சொல்வதையும் கேட்போம். பாம்பு கீரை தின்னாது. அதற்கு இறைச்சிதான் உணவு. அதற்கென்றே எலி வளர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு எலியைக் கொடுக்காவிட்டால் அந்தப் பாம்பு பட்டினி கிடக்கப் போவதில்லை. வேறொரு எலியைத் தின்னப் போகிறது. அந்த வேறோர் எலிக்கும் உயிர் ஒன்றுதானே? பெயர் வைத்த எலி உசத்தி, பெயர் வைக்காத எலி மட்டமா?

இந்தக் கேள்வி நம் நாட்டில் மட்டும் எழவில்லை. 2025-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டிலுள்ள ஆல்போர்க் நகரத்து விலங்குக் காட்சிச்சாலை பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. வீட்டில் வேண்டாத கோழி, முயல், கினிப்பன்றி இருந்தால் எங்களிடம் கொடுங்கள், எங்கள் ஊழியர்கள் துன்பமில்லாமல் கொன்று கொடுவிலங்குகளுக்கு உணவாக்குவார்கள் என்றது. குதிரையைக்கூட வாங்கிக்கொள்வோம் என்றார்கள். செய்தி பரவியதும் உலகின் பல மூலைகளிலிருந்து கண்டனம் வந்து குவிந்தது. ஆதரித்தவர்களும் இருந்தார்கள். காட்சிச்சாலைக்காரர்கள் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பிராணியை உயிரோடு கூண்டுக்குள் தள்ளுவோம் என்றும் அவர்கள் சொல்லவில்லை.

நம் முன்னோர் இந்த வழக்கை என்றோ விசாரித்திருக்கிறார்கள். சிபிச் சக்கரவர்த்தி கதை உங்களுக்குத் தெரியும். பருந்துக்குப் பயந்து ஓடிவந்த புறாவைக் காப்பாற்ற மன்னன் தன் தொடைச் சதையை அரிந்து கொடுத்தான் என்று பள்ளியில் படித்தோம். சோழ மன்னர்கள் தங்களை அவன் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிப் பெருமைப்பட்டார்கள். புறாவின் கண்ணீரைப் பற்றியே பேசுகிறோம்; பருந்து கேட்ட கேள்வியை மறந்துவிடுகிறோம். "புறாவுக்கு இரங்கினாய், சரி. என் பசிக்கு யார் இரங்குவது?" என்பதல்லவா அதன் வழக்கு? மன்னன் அந்தப் பருந்தைக் கொடியவன் என்று விரட்டவில்லை. அதன் நியாயத்தை ஒப்புக்கொண்டான். ஆனால் அடைக்கலம் என்று தன் மடியில் வந்து விழுந்ததை எடுத்துக் கொடுக்கவும் மறுத்தான்.

பாம்பின்மேல் குற்றமில்லை. அது வேறெதையும் தின்னப் படைக்கப்படவில்லை. கேள்வி நம் மடியைப் பற்றியது.

லயத்தில் ஆடு வளர்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குப் பிள்ளைகள் தழை பறித்துப் போடும். கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடும். திருவிழாவன்று அழும், சோறு வேண்டாமென்று அடம்பிடிக்கும். ஆயினும் அந்தக் கிடாய் எதற்காக வளர்கிறது என்பது முதல் நாளிலிருந்தே வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கும் சொல்லியிருப்போம். அங்கே துக்கம் உண்டு, ஏமாற்று இல்லை. தீபாவளிக் கோழியும் அப்படித்தான். ஆனால் ஹாம்ஸ்டரைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது நாம் என்ன சொன்னோம்? "இது உன்னுடையது, பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்றல்லவா சொன்னோம்? அந்தப் பிராணிக்கும், மனிதக் கையைக் கண்டு ஓடாதே என்று நாமே பழக்கினோம். அந்தக் கையே அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் விடுவது என்றால், பெயர் வைக்காத எலியின் சாவிலிருந்து இது வேறுபட்டதுதான். உயிரின் விலையால் வேறுபடவில்லை. நாம் கொடுத்த வாக்கால் வேறுபடுகிறது.

ஆனபடியால் என் கருத்து இது. ஆரோக்கியமாக ஓடியாடும் வளர்ப்புப் பிராணியை, இடைஞ்சலாகிவிட்டது என்பதற்காகப் பாம்புக்குக் கொடுக்கக்கூடாது. முதலில் வேறொரு வீடு தேட வேண்டும். பள்ளி ஆசிரியர்களிடமும், கால்நடை மருத்துவரிடமும், வாங்கிய கடையிலும் கேட்க வேண்டும். பாம்பு வளர்ப்பவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் மறுபடியும் மறுபடியும் ஈனவிட்டுக் கொண்டுபோய்க் கொட்டுவது அதைவிடக் கேடானது. பாம்பு என்ன, நம் வீட்டுக் குப்பைத்தொட்டியா?

சரி, எங்கு தேடியும் இடமில்லை, கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால்? அப்போதும் உயிரோடு கொடுக்காதீர்கள். இதை எலிக்காக மட்டும் சொல்லவில்லை, பாம்புக்காகவும் சொல்கிறேன்.

பாம்பு பசியோடு இருந்தால் காரியம் விரைவில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். சுற்றி நெரிக்கும் பாம்பு, மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். போவா என்ற பாம்பைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அது இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறது என்று காட்டியது. சில நொடிகளில் இரையின் நாடி அடங்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் பாம்புக்கு எந்நேரமும் பசிப்பதில்லை. வளர்ந்த பாம்பு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தின்றால் போதும். சட்டை உரிக்கும் காலத்தில் பெரும்பாலும் இரையைத் தொடாது. அந்நேரத்தில் எலியை உள்ளே விட்டால் என்ன ஆகும்? காட்டில் எலிக்கு வளை உண்டு, புதர் உண்டு, ஓடித் தப்ப வழி உண்டு. கண்ணாடிப் பெட்டியில் மூலைதான் உண்டு. இரவு முழுவதும் அது நடுங்கிக்கொண்டிருக்கும். பயமும் பசியும் முற்றினால் திரும்பிக் கடிக்கும். எலியிடம் கடிபட்டுக் கண்ணை இழந்த பாம்புகள் உண்டு. முதுகுத் தோல் கொறிபட்டுச் செத்தவையும் உண்டு. பொறுப்பாகப் பாம்பு வளர்ப்பவர்கள் பலர் உயிர் இரை கொடுப்பதில்லை. கொன்று உறையவைத்த எலியை வாங்கி, குளிர் நீக்கிச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து ஆட்டிக் காட்டுகிறார்கள். பாம்பு பழகிக்கொள்கிறது.

கொல்வது எப்படி என்பதிலும் கவனம் வேண்டும். உயிரோடு பனிப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் தூங்குவதுபோல் செத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது கொடுமை. வாளித் தண்ணீரில் அமுக்குவதும் கொடுமைதான். கால்நடை மருத்துவ உலகம் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. மருத்துவர் ஊசி போட்டுத் துன்பமில்லாமல் முடித்துவைப்பார். ஆனால் அந்த மருந்து உடலில் தங்கிவிடும், அதைத் தின்னும் பாம்பும் சாகக்கூடும். ஆகவே ஊசி போட்டதைப் புதைத்துவிட வேண்டும். எலிப்பாஷாணம் தின்றதையும் பாம்புக்குக் கொடுக்கக்கூடாது. தெரியாத வேலையை நாமே செய்து பார்ப்பதைவிட, மருத்துவரைக் கேட்பது நல்லது. மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, பிராணியை வதைத்தால் 20,000 வெள்ளிக்குக் குறையாமல், 1 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. "எலிதானே" என்று நினைத்துவிடாதீர்கள்.

"காட்டில் விட்டுவிடலாமே, பிழைத்துப் போகட்டும்" என்று இரக்கத்தோடு சொல்லும் தாய்மார்களும் உண்டு. கூண்டில் பிறந்து வளர்ந்த ஹாம்ஸ்டருக்கு நம் செம்பனைக் காடு ஊரா, உறவா? எறும்பு, மழை, ஆந்தை, எலி மருந்து எல்லாம் அதற்குப் புதிது. ஓரிரு நாள் தாங்குவதே அரிது. பாம்பு அங்கேயும் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தால் நம் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. பள்ளிவிட்டு வந்து வெறுங்கூண்டைப் பார்க்கும் பிள்ளையிடம் பொய் சொல்வது நமக்குச் சுலபம். "ஓடிப்போய்விட்டது" என்போம். அது ஒரு வாரம் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடிக்கொண்டிருக்கும். கூண்டுக் கதவைத் தான்தான் சரியாக மூடவில்லையோ என்று தன்னையே நொந்துகொள்ளும். பின்னொரு நாள் உண்மை வேறு யார் வாயிலிருந்தாவது வரும். தோட்டத்தில் இரகசியம் எத்தனை நாள் நிற்கும்? கிடாயைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்லத் தெரிந்த நமக்கு இதையும் சொல்லத் தெரியும். முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு வீடு தேடும் வேலையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பள்ளியில் இருபது கூட்டாளிகள் இருப்பார்கள். நம்மைவிட அது சீக்கிரம் ஆள் பிடித்துவிடும்.

இவ்வளவும் வராமல் காப்பது பெரிய வித்தையன்று. சிரியா ஹாம்ஸ்டர் என்றால் ஒரு கூண்டுக்கு ஒன்று மட்டுமே. குட்டி போட்ட நிலையில் வாங்கிவிட்டீர்களானால், தாயைச் சில நாள் தொந்தரவு செய்யாதீர்கள். கலவரப்பட்டால் குட்டிகளைத் தின்றுவிடும். நாலாவது வாரம் முடிவதற்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். வால்பக்கம் உள்ள இரண்டு துவாரங்களுக்கு இடைவெளி கூடுதலாக இருந்தால் ஆண், நெருக்கமாக இருந்தால் பெண். வாங்கும்போதே கடைக்காரரைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் இரண்டாக வாங்காதீர்கள்.