அஷ்டன் கால்வாயில் ஒரு சிரமதானம்

மான்செஸ்டர் பிக்காடில்லி புகையிரத நிலையத்துக்கு அருகே, ஸ்டோர் வீதிக்கு மேலாக ஒரு பழைய கல்வளைவு செல்வதைப் பலர் பார்த்திருப்பர். சாதாரண பாலம் என்றெண்ணி அதன் கீழே நடந்து போவோரே அதிகம். ஆனால் அதன்மேல் போவது வீதியன்று, தண்ணீர். பெஞ்சமின் அவுட்ரம் என்னும் பொறியியலாளர் 1798இல் வீதிக்குக் குறுக்கே சாய்வாகக் கட்டிய நீர்ப்பாலம் அது. அஷ்டன் கால்வாய் இன்றும் அதன் வழியாகவே நகருக்குள் வந்து சேருகின்றது. அறுபதுகளில் இக்கால்வாயைத் தூர்த்து மூடிவிட வேண்டும் என்பதே பொறுப்பான மனிதர் பலரின் கருத்தாக இருந்தது என்றால் இன்று நம்புவது கடினம்.

1792இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அனுமதி பெற்று வெட்டப்பட்ட கால்வாய் இது. நீளம் ஏறக்குறைய ஆறு மைல்தான். ஆனால் அதற்குள் 18 லொக்குகள். லொக் என்பது இரு புறமும் கதவுள்ள ஒரு கற்பெட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, மேலேயுள்ள நீரைத் திறந்துவிட்டால் படகு தானாகவே உயரும். மேட்டில் ஏற வேண்டிய படகுக்கு இதுவே படிக்கட்டு. ஒரு படகு ஒரு படி ஏறுவதற்கு ஏறத்தாழ 25,000 கலன் தண்ணீர் செலவாகும். அக்காலத்தில் கிழக்குப் பக்கச் சுரங்கங்களின் நிலக்கரி இவ்வழியே அன்கோட்ஸ் பஞ்சாலைகளுக்கு வந்தது. அந்த ஆலைத் துணி இந்தியச் சந்தைகளில் குவிந்து நம் நெசவாளரின் தறிகளை ஓயச் செய்த கதையை வாசகர் அறிவர். பின்னர் கோயம்புத்தூருக்கே ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பெயர் வந்ததும் ஒரு விசித்திரந்தான்.

புகையிரதம் வந்தபின் கால்வாய்க்கு வேலை குறைந்தது. 1948இல் அது அரசுடைமையாயிற்று. அறுபதுகளின் தொடக்கத்தில் படகு செல்ல முடியாத நிலை. லொக் கதவுகள் உளுத்தன. சுற்றியிருந்த வீடுகளில் வேண்டாத பொருள் எல்லாம் இரவோடிரவாகத் தண்ணீருக்குள் போயிற்று. கட்டிற் சட்டம், துவிச்சக்கர வண்டி, குழந்தை வண்டி, டயர் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்தன. கால்வாய் ஆறன்று. அடித்துக்கொண்டு போகும் ஓட்டம் அதற்கில்லை. போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும்.

இத்தகைய கால்வாய்களில் பிள்ளைகள் விழுந்து இறந்ததும் உண்டு. ஆகவே, மூடிவிடுங்கள் என்று கேட்ட பெற்றோரைக் குறைகூற முடியாது. கைவிடப்பட்ட கால்வாய் உண்மையிலேயே அபாயமானது. கரை எது, சேறு எது என்று தெரியாது. விழுந்தால் காண்பதற்கு ஒருவரும் இரார். ஆனால் அபாயத்துக்குக் காரணம் தண்ணீரா, அல்லது தண்ணீரைக் கைவிட்டமையா என்ற கேள்வியை அப்போது சிலரே கேட்டனர்.

1968இல் பாராளுமன்றத்தின் முன் இருந்த போக்குவரத்துச் சட்டமூலம் நாட்டின் நீர்வழிகளை மூன்றாகப் பிரித்தது. வணிகத்துக்கானவை, உல்லாசப் படகுகளுக்கானவை, மிஞ்சியவை. அஷ்டன் ‘மிஞ்சியவை’ என்ற மூன்றாம் வகுப்பில் விழுந்தது. அந்த வகுப்பில் விழுந்த கால்வாயைப் படகு செல்லத்தக்கதாக வைத்திருக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

அச்சட்டம் நிறைவேறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் மாத வாரவிறுதி ஒன்றில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அறுநூறு பேர் மண்வெட்டியுடன் வந்து இறங்கினர். உள்ளூர்ப் பீக் பாரஸ்ட் கால்வாய்ச் சங்கத்தாருடன், கிரஹாம் பாமர் என்ற இளைஞரைச் சுற்றி இலண்டனில் திரண்டிருந்த தொண்டர் குழுவும் சேர்ந்துகொண்டது. இரண்டே நாளில் ஏறக்குறைய 2,000 தொன் குப்பையை அவர்கள் வெளியே எடுத்தனர். இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு இது சிரமதானம். கோயிற் பிரகாரத்தில் புல் செதுக்கப் பழகியவர்களுக்கு இது உழவாரப்பணி. அப்பர் சுவாமிகளின் கையில் உழவாரப்படையைக் கண்டு வளர்ந்த சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு வாரவிறுதியில் கால்வாய் திறந்துவிடவில்லை. ஆறு மைலில் ஒரு பகுதி துப்புரவானது, அவ்வளவே. ஆயினும், செலவு மிக அதிகம், செய்ய முடியாது என்று சொல்லிவந்தவர்களின் வாதம் அந்த இரண்டு நாளில் வலுவிழந்தது. இதில் பிறந்த உற்சாகத்தில் 1970இல் நாடளாவிய நீர்வழி மீட்புக் குழு அமைக்கப்பட்டது. 1972 மார்ச்சில் ஏறக்குறைய ஆயிரம் பேர் மீண்டும் இதே கால்வாய்க்கு வந்து இன்னும் 3,000 தொன் வரை அகற்றினர். உள்ளூராட்சிச் சபைகளும் நீர்வழிச் சபையும் செலவைப் பகிர்ந்துகொள்ள இணங்கின. 1974இல் அஷ்டன் கால்வாயும், அதனோடு இணையும் கீழ்ப் பீக் பாரஸ்ட் கால்வாயும் மீளத் திறக்கப்பட்டன. அதனால் 97 மைல் நீளமான செஷயர் வளையம் முழுவதும் மறுபடி படகு சுற்றிவரக் கூடியதாயிற்று.

அயலிலுள்ள ரொச்டேல் கால்வாயின் கதை வேறு. 1952இல் சட்டப்படி அதில் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நகர நடுவிலிருந்த ஒன்பது லொக்குகள் மாத்திரம் தப்பின. எழுபதுகளின் தொடக்கத்தில், அன்கோட்ஸுக்கு அப்பாலுள்ள ஒரு பகுதியை ஆழங்குறைத்து, சில அங்குல நீர் மட்டும் நிற்கும் பூங்காவாக மாற்றினர். பிள்ளைகள் மூழ்கக் கூடாது என்ற நல்ல நோக்கந்தான். ஆனால் படகு வராத நீரைப் பார்ப்பாருமில்லை, அங்கும் குப்பையே சேர்ந்தது. பெயில்ஸ்வேர்த்தில் கால்வாயை மூடி அதன்மேல் ஒரு பேரங்காடியே எழும்பிற்று. பின்னர் மனம் மாறிய சமூகம் அந்தக் கட்டடத்தை இடித்து, ஆழமற்ற பகுதியைத் திரும்பத் தோண்டி, 2002 ஜூலையில் பெனைன் மலைகளைக் கடந்து செல்லும் 32 மைல் கால்வாயையும் திறந்தது. அஷ்டனில் மண்வெட்டியால் முடிந்தது ரொச்டேலில் பெரும் பணச் செலவாயிற்று.

இனி, உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள். கால்வாய்த் தொண்டுக்குப் போக விரும்பும் இளைஞர்களின் பெற்றோர் எலிக்காய்ச்சலுக்கு அஞ்சுவது இயல்பு. எலியின் சிறுநீர் கலந்த நீர், தோலிலுள்ள கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உட்செல்வதால் வருவது அந்நோய். இலங்கையில் நெல்வயலில் இறங்குவோருக்கும் இதுவே வருகிறது. இங்கு அது அரிது. காயங்களை நீர் புகாத கட்டினால் மூட வேண்டும், கையுறை அணிய வேண்டும், உண்ணுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். நோய் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரத்தின் பின் சாதாரண தடிமற் காய்ச்சல் போலத் தொடங்கும். தலையிடி, கெண்டைத்தசை வலி, கண் சிவத்தல் இருந்தால், கால்வாய் நீரில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் தாமதியாது அந்நோயை நினைத்துப் பார்ப்பார். சொல்லாவிடில் வெறும் காய்ச்சல் என்று விட்டுவிடக்கூடும். ஆரம்பத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பது முக்கியம்.

பூசை முடிந்த மாலையையும் தேங்காயையும் தண்ணீரில் விட விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கங்கையிலோ காவிரியிலோ விட்டது போல் அவை இங்கே கடலைச் சேரா. அடுத்த லொக் கதவில் போய் அடைத்து நிற்கும். மாலையின் நூலும் பிளாஸ்டிக் பையும் படகின் சுழலியில் சுற்றிக்கொள்ளும். நிர்மாலியத்தை வீட்டுத் தோட்டத்து மண்ணில் இடுவதே மேல்.

2012 முதல் இந்தக் கால்வாய்கள் அரசுத் திணைக்களத்தின் கீழ் இல்லை. ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அரசு அதற்கு வழங்கும் மானியம் 2027க்குப் பின் ஆண்டுதோறும் குறைக்கப்படும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. ஓக் மரத்தாலான ஒரு சோடி லொக் கதவு ஏறக்குறைய 25 ஆண்டுகளே நிற்கும். 1974இல் கால்வாய் திறந்தபோது பூட்டிய கதவுகள் அவ்வாறு பார்த்தால் எப்போதோ ஆயுள் முடிந்தவை. அஷ்டனில் 18 லொக்குகள் உள்ளன. குளிர்காலத்தில் படகுகள் குறைந்தபின், நீரை வடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கதவு மாற்றும் வேலை நடக்கிறது. கரையில் புல் வெட்டவும், லொக்குக்கு வர்ணம் பூசவும், குப்பை அள்ளவும் தொண்டர்கள் இன்னமும் வருகிறார்கள். நகரின் காற்பந்து மைதானத்தை ஒட்டிய கரையில் ஞாயிறு காலை நடந்துவரும் நம்மவர் குடும்பங்கள் பல உண்டு. அடுத்த முறை அந்த வழியே நடக்கும்போது ஒரு பையை உடன் கொண்டுபோகலாம்.