பந்தும் பிடியரிசியும்

(வானொலி மறையுரையிலிருந்து)



காயல்பட்டினத்தில் கால்பந்து என்றால் ஊரே திரளும். அங்குள்ள ஐக்கிய விளையாட்டுச் சங்கம், மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவாக அகில இந்தியக் கால்பந்துப் போட்டி நடத்தி வருவதை நாம் அறிவோம். முஸ்லிம் மக்கள் பெருவாரியாக வாழும் அந்த ஊரை ஒட்டியே கொம்புத்துறையும் சிங்கித்துறையும் கடலைப் பார்த்து நிற்கின்றன. பந்து உருளத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பள்ளிவாசலுக்குப் போகிறவரா, கோயிலுக்கு வருகிறவரா என்று யாரும் கேட்பதில்லை.

இப்படி ஊரைக் கூட்டும் விளையாட்டுக்கு, ஊரின் பசியைத் தீர்க்கவும் வலிமை உண்டா? உண்டு. அதற்கு வரலாறே சாட்சி. அந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். அதன் கிழக்குப் பகுதியில் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்க மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கே திரு இருதயப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர் மரிஸ்ட் சபையைச் சேர்ந்த சகோதரர் வால்ஃபிரிட். 1840ல் அயர்லாந்தில் பிறந்த அவருடைய சிறுவயதில்தான் அந்நாட்டின் கொடிய பஞ்சம் வந்தது. ஆகவே, வெறும் வயிற்றோடு வந்து உட்காரும் பிள்ளையின் முகம் அவருக்குப் புதிதல்ல.

வின்சென்ட் தே பவுல் சபையாரின் துணையோடு அவர் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான உணவு மேசை ஒன்றைத் தொடங்கினார். முடிந்த பிள்ளைகளிடம் ஒரு பென்னி வாங்கினார். முடியாத பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். அந்தச் சிறு காசு பெற்றோரின் மானத்தைக் காத்தது. பசித்தவருக்குச் சோறு போடுவது எளிது. அவர் தலை குனியாதபடி போடுவதுதான் கடினம்.

ஆனால் பிள்ளைகள் பெருகப் பெருக, பணம் போதவில்லை. அப்போதுதான் அவர் கண் கால்பந்தின் மேல் விழுந்தது. முதலில் வெளியூர் அணிகளை அழைத்து நிதிக்காக ஆட வைத்தார். பிறகு 1887 நவம்பர் 6 அன்று புனித மரியன்னை ஆலயக் கூடத்தில் ஒரு சங்கமே உருவானது. அதுதான் இன்று உலகறிந்த செல்டிக் கால்பந்துக் கழகம். பசித்த பிள்ளைகளின் மதிய உணவுக்கு நிதி திரட்டுவதே அதன் நோக்கம். 1888 மே 28 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் அணியை 5–2 என்று வென்றார்கள்.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். கழகம் வளர்ந்தது; கோப்பைகள் வந்தன; செலவும் வளர்ந்தது. 1892ல் சகோதரர் வால்ஃபிரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். உணவு மேசைக்குப் போய்க்கொண்டிருந்த பணம் குறைந்து நின்றுபோயிற்று. 1897ல் கழகம் லிமிடெட் நிறுவனமாகிப் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லும் இடமாக மாறியது. யாரும் தீமை செய்ய நினைக்கவில்லை. நல்ல மனம் ஒருவரிடம் இருந்தது. அவர் போனதும், காப்பாற்ற ஒரு விதி இருக்கவில்லை. மிகப் பிந்தி, 1995ல்தான் அக்கழகம் தனி அறநிதி ஒன்றைத் தொடங்கித் தன் வேரை மீண்டும் தேடிக்கொண்டது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் இன்னொரு பாடம் தருகிறது. அங்கே லிவர்பூல், எவர்டன் என இரண்டு அணிகள், பரம எதிரிகள். 2015ல் இரண்டு அணிகளின் ரசிகர்களும் சேர்ந்து உணவு வங்கிகளுக்குப் பொருள் திரட்டத் தொடங்கினார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கையோடு கொண்டு வரும் உணவுப் பொருட்களை மைதானத்துக்கு வெளியே வாங்கிச் சேர்க்கிறார்கள். உள்ளே எதிரெதிர், வாசலில் ஒரே கூடை.

அன்பார்ந்தவர்களே, நமக்கு இது புதிய பாடமா? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் தனியே போட்டு வைத்த பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். அந்தப் பிடியரிசிதான் நம்முடைய உணவு வங்கி. 2023 டிசம்பர் பெருமழையை மறந்திருக்க மாட்டோம். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்த அரிசியைக் கொண்டே அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் நம் மக்கள் கை நீட்டுவார்கள், அதில் ஐயமில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, தனியே வாழும் மூதாட்டியின் அடுக்களை என்ன நிலையில் இருக்கிறது என்பதே நம் கேள்வி. பள்ளிப் பிள்ளைக்குக் காலையிலும் மதியமும் அரசு உணவு தருகிறது. அந்தப் பாட்டிக்கு ரேஷன் அரிசி உண்டு. பருப்புக்கும் எண்ணெய்க்கும் கையில் காசில்லை.

இங்கேதான் விளையாட்டுச் சங்கங்கள் உதவ முடியும். வழி எளிது. போட்டி நாளில் வாசலில் ஒரு பெட்டி வைக்கலாம். வருகிறவர் அரைக் கிலோ பருப்போ ஒரு பாக்கெட் எண்ணெயோ போடட்டும். யாருக்குத் தேவை என்பதை வின்சென்ட் தே பவுல் சபையாரும் ஜமாஅத்தாரும் சேர்ந்து அறிந்து சொல்லலாம். வரிசையில் நிற்க வைக்காமல், பந்தாடும் பையனே மாலையில் ஒரு பையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வரலாம். பல் போனவருக்குக் கடலை உதவாது, சிறுபருப்புதான் உதவும். ஆகவே கொடுக்கும் முன் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் சங்கத்தின் விதியில் எழுதிவிட வேண்டும்: வசூலில் இத்தனை பங்கு, மாதத்தில் இந்த ஞாயிறு, பொறுப்பாளர் இன்னார், கணக்கு அறிவிப்புப் பலகையில். செயலாளர் மாறினாலும், அணி தோற்றாலும் பை போய்ச் சேர வேண்டும்.

சகோதரர் வால்ஃபிரிட்டின் திருமுழுக்குப் பெயர் ஆண்ட்ரூ, அதாவது அந்திரேயா. ஐந்து அப்பம் வைத்திருந்த சிறுவனை இயேசுவிடம் காட்டியவரும் அந்திரேயாதான். இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்று அவரும் தயங்கினார். ஆனாலும் சிறுவனைக் காட்டிவிட்டார். எல்லாரும் உண்டபின் இயேசு மிச்சத்தைச் சேர்த்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை என்று எண்ணிக்கையும் நற்செய்தியில் இருக்கிறது. புதுமைக்குப் பிறகும் சேமிப்பும் கணக்கும் வேண்டியிருந்தன.

நம் ஊர் மைதானங்களிலும் சிறுவர்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களின் சங்கத்தாரிடம் பேசுவோம். பெட்டியில் முதல் பிடியை நாமே போடுவோம். ஆமென்.