மச்சாளா, சகோதரியா?

கனடாவிலே பிறந்து வளர்ந்த இளைஞனொருவன், ஏதோ விளையாட்டாகத் தன் எச்சிலைக் குப்பியில் அடைத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, சில வாரங்கள் கழித்து வந்த அறிக்கையிலே, தான் பெயரே கேட்டிராத வெள்ளவத்தைப் பெண்ணொருத்திக்கு நேராக "பாதிச் சகோதரி" என்று எழுதியிருக்கக் கண்டால், அந்த வீட்டில் அன்றிரவு யார்தான் நிம்மதியாகச் சோறுண்பார்? ஆயினும் தகப்பனைச் சந்தேகிக்குமுன் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்பது உசிதம்: "அம்மம்மா, அம்மாவின்ர கலியாணம் மாற்றுக் கலியாணமோ?"

எந்தக் குழந்தையும் தாயிடம் பாதி, தந்தையிடம் பாதி என்றே மரபணுவைப் பெறுகிறது. ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டுக் குலுக்கினாற்போல் தீர்மானமாவதால், ஒரே தாய் தந்தையரின் மக்கள் சராசரியாக 50 வீதம் ஒத்திருப்பினும், உண்மையில் ஏறத்தாழ 38 வீதத்துக்கும் 61 வீதத்துக்கும் இடையே எங்கும் நிற்கக்கூடும். பாட்டன், பாட்டி, மாமா, சித்தப்பா, பெரியம்மா என்போரோடு 25. மாமா, சித்தப்பா, பெரியம்மா என்போரின் மக்களோடு 12.5; இரண்டுவிட்ட உறவில் 3 வீதத்துக்குச் சற்று மேல்; மூன்றுவிட்ட உறவில் 1 வீதமும் இல்லை, பத்தில் ஒருவரோடு கண்டறியத்தக்க ஒற்றுமையே இராது.

இதிலொரு வேடிக்கை. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன், மாமன் மகன் மச்சான். முன்னவனோடு கலியாணப் பேச்சே பாவம், பின்னவனோ உரிமையுள்ள மாப்பிள்ளை. மரபணு இந்தப் பேதம் அறியாது, இருவருக்கும் 12.5 தான்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாற்றுக் கலியாணத்தில், இவ்வீட்டு அண்ணன் அவ்வீட்டுத் தங்கையையும், அவ்வீட்டு அண்ணன் இவ்வீட்டுத் தங்கையையும் மணக்க, பிறக்கும் பிள்ளைகள் தாய்வழியாலும் தந்தைவழியாலும் மச்சான் மச்சாளாகி, இரண்டு 12.5 கூடி 25 ஆகிவிடுகிறது. செண்டிமோர்கன் என்னும் அளவையில், தாய்க்கும் பிள்ளைக்கும் 3,400 அளவில் வருமிடத்து, இவர்களுக்கு 1,700 அளவில் வரும். தகப்பன் ஒருவனும் தாயர் இருவருமான பிள்ளைகளுக்கும் அதே 1,700. மேனாட்டுக் குடும்பங்களைக் கண்டு பழகிய கணக்கு, அங்கே சாதாரணமான உறவின் பெயரைச் சூட்டிவிடுகிறது. சீதனக் காணித் தகராறில் இரு வீட்டாருக்கும் முப்பது வருஷமாகப் பேச்சு விட்டுப்போயிருந்தால், பிள்ளைகளுக்கு விஷயம் தெரிய நியாயமில்லை.

தீர்க்கும் உபாயம் எளிது: அவ்விளைஞனின் தாயையும் பரிசோதியுங்கள். அந்தப் பெண் அவள் தமையன் மகளானால் 25 வீதம் ஒத்திருக்கும். கணவனுக்கு வேறொருத்தி பெற்ற பிள்ளையானால், அவளோ கணவனோ தாய்க்கு இரத்த உறவாயிருந்தாலன்றி, ஒன்றும் இராது. தலைமுறை தலைமுறையாக மச்சானுக்கு மச்சாளைக் கட்டிவைத்த குடும்பங்களில் தூரத்து உறவும் கிட்டிய உறவுபோலத் தோன்றும் என்பதையும் மறத்தலாகாது.

தாய், பிள்ளை என்ற நேர்ச் சம்பந்தத்தில் இத்தகைய மயக்கத்துக்கு இடமில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிற் பிழைத்து, கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாக அனுமதிக்கப்பட்டமையால் "குழந்தை 81" என்றே பெயர் பெற்ற சிசுவுக்கு ஒன்பது தம்பதியர் உரிமை கோரியதாக உலகெங்கும் செய்தி பரவியிருக்க, கொழும்பிலே நடந்த பரிசோதனை உண்மைப் பெற்றோரை நிரூபித்து, 2005 பெப்ரவரியில் பிள்ளையைத் தாய் மடியிற் சேர்ப்பித்தது.

நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து முதலிய தேசங்களுக்கு 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து தத்துப்போன பலருக்கு அந்தப் பாக்கியமில்லை. அவர்களிற் சிலருடைய பத்திரங்களில் தாயென்று குறிக்கப்பட்டவள் பணத்துக்காகத் தாயாக நடித்தவள் என்பது, 2017இல் டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் விசாரணையில் அம்பலமாயிற்று. தேடி வரும் அவர்களுக்கு அறிக்கையிலே பெரும்பாலும் அகப்படுவது இரண்டுவிட்ட, மூன்றுவிட்ட உறவே. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் முதியவர்களின் ஞாபகத்தையும் நாடவேண்டியவர்களும் இருப்பார்கள்.

ஆகவே, குப்பிக்குப் பணம் கட்டுமுன், வீட்டில் எண்பது கடந்தவர் இருந்தால் அவரருகில் உட்கார்ந்து, யார் யாரை எந்த ஊரிலே கட்டினார், எது மாற்றுக் கலியாணம், யாரோடு ஏன் பேச்சில்லை என்பவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.